மூன்று நிமிடத்தில் நிறுத்திய மைக்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

உடம்பைப் பொறுத்தவரை நான் நலம், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, அதை உன் கையால் ஒரு வரி எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும். ஃபோன் இருக்கும்போது இவள் எதற்கு உட்கார்ந்து எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோனில் நீ சொல்லும்மா சொல்லும்மா என்று அவசரப்படுத்தும்போதே எனக்குச் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுபோகிறது. தபாலில் போட்டால் உன் கைக்கு வருவதற்குள் காரியம் கெட்டுவிடும், அதனால் எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். என் எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், பெரிதாக்கிப் படித்துக்கொள். நடுவில் நிறுத்திவிட்டு எனக்கு ஃபோன் போடாதே, கடைசி வரி வரைக்கும் படி.

அப்பா போன பிறகு நான் மைக் செட் கடையை விற்றுவிடுவேன் என்று தெருவே எதிர்பார்த்தது. இன்றைக்கு என்னவென்றால் எனக்குத் தலைக்கு மேல் வேலை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கரி மின்நிலையத்தை மூடுவதா வேண்டாமா என்று ஊர் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, இரண்டு பாதிக்கும் மைக் நம்முடையது. காலையில் மின்நிலையத் தொழிலாளர் சங்கத்துத் தலைவர் வந்து, கரி இல்லைன்னா நாளைக்கு உங்க வீட்ல இருட்டுதான் என்று கத்துவார், சாயங்காலம் அதே மைக்கில் காற்றாலைக் கம்பெனிக்காரர் காத்து இலவசம், வெயில் இலவசம் என்று குழைவார். நடுவில் நான் ஒரு துணியை எடுத்து மைக்கைத் துடைத்து வைக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். போன மாதம் சுத்தமான காற்று வேண்டும் என்று பச்சைச் சட்டை போட்ட பிள்ளைகள் கூட்டம் போட்டார்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்று அவர்களே ஜெனரேட்டரும் கேட்டு வாங்கினார்கள், பிறகு ஒரு பெண் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆன்ட்டி, இது புகை விடுதே என்றாள். டீசலைக் குடிச்சிட்டு அது பன்னீரா விடும், அதை நிறுத்தட்டுமா உங்க பேச்சை நிறுத்தட்டுமா, நீயே சொல்லு என்றேன். அது சிரித்துவிட்டது, பாவம், நல்ல பெண்.

நான் யார் பக்கம் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், நான் மழுப்பிக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொன்னால் நான் உன் பக்கம்தான். இந்தக் கோடையில் ஆம்ப்ளிஃபையர் மூன்று தடவை சூட்டில் படுத்துவிட்டது, அப்பா காலத்தில் இப்படி நடந்ததே இல்லை. மாடியில் துணி காயப்போட்டால் வெள்ளைத் துணி எது சாம்பல் துணி எது என்று தெரியாது. கரியை எரிப்பதால் பூமி சூடாகிறது என்று நீ படித்துப் படித்துச் சொன்னதை நான் என் முதுகு வேர்வையில் தெரிந்துகொண்டேன். ஆனால் நான் இப்போது எழுத வந்தது அது இல்லை.

உன் மாமாவைப் பற்றி எழுத வந்தேன். என் தம்பி கடைசியாக இங்கே வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. மின்நிலையத்திலிருந்து ஓய்வு வாங்கிய நாளிலிருந்து சாயங்காலம் ஐந்தரைக்குக் கடையில் அவன் தலை தெரியாமல் இருந்ததில்லை என்று உனக்குத் தெரியும். வருவான், ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்காருவான், அறுந்த வயரை ஒட்டுவான், என்னோடு எதற்காவது சண்டை போடுவான், டீ குடிப்பான், போய்விடுவான். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாதவனுக்கு அக்கா வீடுதான் வீடு. இப்போது ஐந்தரைக்கு நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன், ஆறு மணிக்குக் கதவைச் சாத்துகிறேன். நேற்று ஒரு மைக்கைச் சோதிக்கிறேன் என்று ஹலோ ஹலோ சொல்லிக்கொண்டே இருந்தவள், சோதித்து முடித்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் குரல் கொடுக்கிற கடையில் என் பேச்சைக் கேட்க ஆள் இல்லை. தனியாக இருக்கிறேன் கண்ணு, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இதற்குக் காரணம் நான்தான், நீயும் ஒரு துளி.

அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மின்நிலையத்தை மூடுவது பற்றிப் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் பேசலாம், டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும், ஆளுக்கு மூன்று நிமிடம். பேசுவது அத்தனையும் பதிவாகி மேலே போகும், அதை வைத்துத்தான் முடிவு. மாமாவும் ஒரு டோக்கன் வாங்கினான். நீ அங்கிருந்தபடியே வீடியோவில் திரையில் வந்து பேசப் போகிறாய் என்பது அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. ஒரு வாரம் என் சமையலறையில் நின்று, இணைப்பு இல்லாத ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசிப் பார்த்தான். முன்பாதியை மட்டும் பேசுவான். மீதி எங்கேடா என்று கேட்டால், கடைசியில ஒண்ணு வச்சிருக்கேன், அதை நீயும் அங்கேயே வந்து கேளு என்றான். மூணு நிமிஷத்துக்கு மேல இழுக்காதே, நீ ஒரு வார்த்தை பேசறதுக்குள்ள விடிஞ்சிடும் என்று நான் கேலி செய்தேன். அதற்கு அவன், மைக்ல உக்காந்திருக்கறது நீதானே அக்கா, எனக்கென்ன கவலை என்றான்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

கூட்டத்தன்று காலையில்தான் நீ பேசப் போவதை அதிகாரி பட்டியலில் காட்டினார். என் மகள் சார் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். எட்டு ஸ்பீக்கர் பெட்டி போட்டிருந்தேன், மண்டபத்துக்கு நாலே போதும். நேரம் முடிந்தால் மைக் சத்தத்தை இறக்கிவிடுங்கம்மா என்று அதிகாரி சொல்லியிருந்தார், ஆனால் நான் யாரையும் டக்கென்று நிறுத்தவில்லை. காற்றாலைக் கம்பெனிக்காரர் ஏழு நிமிடம் பேசினார். சங்கத்துத் தலைவர் ஆறு. ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார் தான் எழுதிய கவிதையை வாசித்தார், அது முடிந்ததா முடியவில்லையா என்று தெரியாமலே எட்டு நிமிடம் போனது. அதற்குப் பிறகு மாமா. அதே சமயம் உன் திரை இணைப்பைக் கவனித்துக்கொண்டிருந்தவர் என் காதோரம் வந்து, லைன் கிடைச்சிடுச்சும்மா, ஆனா விட்டு விட்டு வருது, சீக்கிரம் குடுக்கலைன்னா போயிடும் என்றார்.

நான் என்ன நினைத்தேன் என்று உனக்கு அப்படியே சொல்கிறேன். இருபது வருஷமாக இந்தப் பெட்டிகளில் ஊரில் இருக்கிறவன் இல்லாதவன் எல்லார் குரலையும் கேட்டிருக்கிறேன். என் பிள்ளையின் குரலை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஃபோனில் வருகிற உன் குரல் ஒரு கைக்குள் அடங்கிவிடும். அது இந்த மண்டபம் முழுக்க வரப் போகிறது, இல்லாவிட்டால் வராமலே அறுந்துவிடப் போகிறது. எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, இங்கே ஒரு சதைக்காக இன்னொரு சதையை வெட்டினேன்.

மாமா மெதுவாகத்தான் ஆரம்பித்தான். வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லவே ஒரு நிமிடம். பிறகு, நான் முப்பத்தோரு வருஷம் கரி ஏத்துற பெல்ட்டுல நின்னவன், என் பேரே அங்க பெல்ட்டுதான், நான் இருக்கற வீடு அந்தப் புகைபோக்கி குடுத்தது, நான் சாப்பிட்ட சோறு அது போட்டது, அதை யாராவது கேவலமாப் பேசினா எனக்குக் கோவம் வரும் என்றான். மண்டபத்தில் பாதி கைதட்டியது. கை தட்டல் ஓயட்டும் என்று நின்றான். பிறகு, இவ்வளவும் சொல்றவன்தான் இப்போ என்று ஆரம்பித்தான். நான் எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம். இறக்கிவிட்டேன்.

மைக்கைத் தட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஏதோ வயர் கோளாறு என்று நினைத்துக்கொண்டு, எனக்கு வேலை வைக்கக் கூடாதென்று, மைக் இல்லாமலே பேச ஆரம்பித்தான். மேடைக்குக் கீழே நான் இருந்ததால் எனக்குக் கேட்டது, வேறு யாருக்கும் கேட்டிருக்காது, அதிகாரிகள் அதற்குள் உன் திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். அவன் சொன்னது இதுதான். மூடிடுங்க, என் நெஞ்சு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும், என்கூட நின்னவங்க நாலு பேர் இன்னைக்கு இல்லை, மூடறதுக்கு நான் முதல் கையெழுத்துப் போடறேன், ஆனா என்னைக்கு மூடறீங்கன்னு உள்ள நிக்கறவங்ககிட்ட நேர்ல வந்து சொல்லுங்க, பேப்பர்ல படிக்க வைக்காதீங்க, அடுத்து அவங்களுக்கு என்ன வேலைன்னு சொல்லிட்டு அப்புறம் பூட்டு போடுங்க. அந்த இடத்தில் நின்று, அந்தச் சங்கத்து ஆட்கள் முகத்தைப் பார்த்து, ஒரு பெல்ட்டுக்காரன் இதைச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பார். அந்தத் தைரியத்தை நான் காற்றில் விட்டேன்.

அவன் மேடையை விட்டு இறங்கவும் உன் குரல் வந்தது. உனக்கு இங்கிருந்து ஒலி மட்டும்தான் வந்துகொண்டிருந்தது, யாருடைய முகமும் தெரியவில்லை என்று பிறகு சொன்னார்கள். மாமாவோடு நீ பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவன் குரலும் இப்போது தேய்ந்துவிட்டது, லைனும் விட்டு விட்டுத்தான் வந்தது. உனக்கு எப்படித் தெரியும். நீ என்ன சொல்லி ஆரம்பித்தாய், ஞாபகம் இருக்கிறதா. முன்னால பேசினவர் ரொம்ப உருக்கமாப் பேசினார், ஆனா புகைபோக்கிக்கு நன்றி சொல்லணும்னு நம்ம பிள்ளைங்க நுரையீரலைக் காணிக்கை கொடுக்க முடியாது என்றாய். நல்ல வாக்கியம்தான். மண்டபம் சிரித்தது, கைதட்டியது. மாமா அப்போது பக்கவாட்டு வழியில் நடந்து போய்க்கொண்டிருந்தான். உன் குரல் என்று தெரிந்து நின்றான். திரையில் உன்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாகத்தான் திரும்பினான். நீ அந்த வாக்கியத்தை முடித்த பிறகு தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.

நீ பதினோரு நிமிடம் பேசினாய். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். எத்தனை டன் புகை, எத்தனை டிகிரி சூடு, சாம்பல் மேட்டில் சூரியத்தகடு போட்டால் எத்தனை வீட்டுக்கு விளக்கு என்று சொன்னாய், எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். எனக்கு ஒரு கணக்கும் காதில் ஏறவில்லை. உனக்குச் சளி பிடித்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. எட்டுப் பெட்டியிலும் என் பிள்ளைக்குச் சளி. வெந்நீர் குடி, ஆவி பிடி என்று சொல்ல அந்த மண்டபத்தில் எனக்கு டோக்கன் இல்லை.

மறுநாள் பேப்பரில் மாமாவின் படம் வந்தது, மூடக் கூடாது, முன்னாள் தொழிலாளி உருக்கம் என்று பெரிய எழுத்தில். மூடாதே என்கிறவர்களின் பட்டியலில் அவன் பெயரும் ஏறிவிட்டது. சங்கத்துக்காரர்கள் வீடு தேடிப் போய்த் தோளில் தட்டினார்களாம். அவனோடு வேலை பார்த்து நெஞ்சு அடைத்துப் போனாரே ஒருத்தர், அவர் மனைவி, உனக்குத் தெரியும், தையல் கடை வைத்திருக்கிறாளே, அவள் அவனைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறாள். உன் வீட்டுக்காரருக்காகவும் சேர்த்துப் பேசறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அன்றைக்கு வந்திருக்கிறான். அது எனக்கே பிறகுதான் தெரியும். கூட்டத்துக்குப் பிறகு நீ பேசியபோதெல்லாம், எப்படிம்மா இருந்தது என் பேச்சு என்று ஆசையாகக் கேட்டாய், பிரமாதம் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தான். வாங்க என்றான். உக்காருங்க என்றான். பிறந்ததிலிருந்து என்னை வா போ என்று பேசியவன், கோபம் வந்தால் வாடி என்றுகூடச் சொன்னவன், யாரோ கரண்ட் பில் கணக்கெடுக்க வந்தவளைப் போல எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் அங்கேயே சொல்லிவிட்டேன், வயர் கோளாறு இல்லைடா, வேணும்னேதான் இறக்கினேன், பிள்ளை லைன் போயிடும்னு பயத்துல பண்ணிட்டேன் என்று. தெரியும், நீங்க கடியாரத்தையே பாத்துட்டு இருந்தீங்க என்றான். அப்புறம் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பாப்பா நல்லாப் பேசுச்சு என்றான். அதில் கோபம் இல்லை, நான் உற்றுப் பார்த்தேன். பிறகு அவனாகவே சொன்னான். நான் சொல்ல வந்ததும் அவ சொன்னதுதான், ஆனா அவ சொன்னா படிச்சவ எங்கியோ உக்காந்து சொல்றான்னு போயிடுவாங்க, பெல்ட்டுல நின்னவன் சொன்னா நாலு பேராவது நின்னு கேட்டிருப்பாங்க. அதோடு பேச்சு முடிந்தது. வாசல் வரைக்கும் வந்து, பாத்துப் போங்க என்றான்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையாக அதிகாரியின் அலுவலகத்துக்கும் போய்ப் பார்த்தேன். பதிவில் மைக் வழியாக வந்தது மட்டும்தான் இருக்கிறதாம். நான்தான் சொந்தக் காரணத்துக்காக நிறுத்தினேன், மீதியை நான் கேட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த எழுத்தர் படித்துவிட்டு, அம்மா, மைக் செட்காரங்க கருத்தெல்லாம் இதுல வராது என்றார். முத்திரை குத்தி நகல் தராமல் நகர மாட்டேன் என்று அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்தேன், குத்திக் கொடுத்தார், நாற்காலி வேண்டுமே அவருக்கு. ஆனால் அது செல்லாது. பேசியவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சேர்ப்பார்களாம், அதற்கும் வருகிற புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிதான் கெடு. அதற்குப் பிறகு அவன் பெயர் காலத்துக்கும் அந்தப் பட்டியலில்தான். இதைச் சொல்ல இரண்டாம் தடவை போனேன். ஒரு தடவை பேசியாச்சு, போதும் என்றான். நான் கெஞ்சினால் அவன் இன்னும் மரியாதையாகப் பேசுகிறான், அதனால் வந்துவிட்டேன்.

உன்மேல் எனக்கு வருத்தமா என்றால், கொஞ்சம் உண்டு. நீ சொல்வதெல்லாம் சரி. சரியாகச் சொல்கிறவர்களுக்கு மற்றவன் தப்பாகத்தான் சொல்வான் என்று ஒரு நினைப்பு முன்கூட்டியே வந்துவிடுகிறது, அதை மட்டும் பார்த்துக்கொள். பாதிப் பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லாதே. பாதியாக்கியவள் நான், அந்தப் பாவம் என் கணக்கில் இருக்கட்டும்.

இனி நீ செய்ய வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் பேசுவாயே, இந்த ஞாயிறு எனக்குப் போடாதே, மாமாவுக்குப் போடு. எனக்கு ஒதுக்கிய நேரம் முழுவதும் அவனுக்கு. மன்னிப்பு அது இது என்று நீட்டாதே, அவன் கூச்சப்படுவான். முன்னால் பேசியவர் நீங்கள் என்று எனக்குத் தெரியாது மாமா, மீதியைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேள். அவன் சொல்லச் சொல்ல அவன் வார்த்தையிலேயே எழுது, உன் படிப்பை அதில் கலக்காதே. எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டிவிட்டு எனக்கு அனுப்பு. திங்கட்கிழமை நான் தாளில் எடுத்துக்கொண்டு போய் அவன் கதவைத் தட்டுகிறேன், கையெழுத்துப் போட்டால் சரி, போடாவிட்டாலும் ஒருத்தியாவது முழுசாகக் கேட்டாள் என்று அவனுக்கு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நீ பேசாமல் எனக்கு எப்படிப் போகும் என்று தெரியவில்லை. கஷ்டமாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். கடையில் வயர் எல்லாம் சிக்கிக் கிடக்கிறது, அதைப் பிரிக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், மனசு ஒத்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ, குளிர்காற்று ஆகாது. முக்கியமான ஒன்றை மறந்துவிடாதே. மாமாவால் இப்போதெல்லாம் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடிவதில்லை. நடுவில் நின்றுவிடுவான், ஃபோனில் ஒன்றுமே கேட்காது, லைன் போய்விட்டது என்றுகூடத் தோன்றும். முடித்துவிட்டான் என்று நினைத்து நீ பேச ஆரம்பித்துவிடாதே. எவ்வளவு நேரமானாலும் காத்திரு, அவன் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சொல்வான்.

ஆசிகளுடன்,
உன் அம்மா